பன்னிரண்டு மணி நேரம் தாங்கும்

இனிமேல் வீட்டுக்கு வரும் எந்தப் பொருளும் என் கை பட்டுத்தான் வரவேண்டும் என்று முடிவு செய்தேன். பின்னே? டைல்ஸ் கம்பெனியில் தரப் பரிசோதகர் நான். சோதிக்காமல் ஒரு டைலைக்கூட வெளியே விட்டதில்லை.

முதல் வேலையாக, மனைவிக்கும் மகளுக்கும் ஒரு பெட்டி நிறைய சானிட்டரி பேட் வாங்கி வந்தேன். ரோஜா வாசனை. அட்டையில் கொட்டை எழுத்தில் 'பன்னிரண்டு மணி நேரம் தாங்கும்'. வேறென்ன வேண்டும்?

அந்த மாதமே மகள் முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, அரிக்குது. தடிச்சுப் போச்சு."

"அதெல்லாம் மனப்பிரமை பாப்பா!"

கண் கலங்கி உள்ளே போய்விட்டாள். மனைவி வெளியே வந்தாள்.

"வாசனை போட்டதை யாரு வாங்கச் சொன்னா? அதுக்குக் கலக்குறது எல்லார் தோலுக்கும் ஒத்துக்காது. வாசனையில்லாத பருத்தி போதும். நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருதடவை மாத்தணும்."

"பன்னிரண்டு மணி நேரம் தாங்கும்னு போட்டிருக்கே!"

"பேட் தாங்கும். உடம்பு தாங்கணுமே!"

"சும்மா கதை விடாதே."

"சரிங்க. சோதிக்காம எதையும் பாஸ் பண்ண மாட்டீங்களே, இதை எப்பச் சோதிச்சீங்க?"

மானப் பிரச்சினை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, அக்குளுக்கு ஒன்றாகச் சட்டைக்குள் இரண்டு பேட் ஒட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

பத்து மணிக்கு வேர்த்தது. பன்னிரண்டுக்கு அரித்தது. இரண்டு மணிக்கு சூளைப் பக்கம் தூணோடு தூணாக உரசிக்கொண்டு நின்றேன். மேனேஜர் மூக்கை உறிஞ்சினார்.

"யாருய்யா இங்க பூக்கடை போட்டது?"

கையிலிருந்த டைலை முகர்ந்து பார்த்து, "தெரியலைங்க சார்" என்றேன்.

இரவு ஏழுக்கு வீடு.

"எப்படிங்க இருந்துச்சு?"

"ஒண்ணுமே தெரியலை."

"நல்லது. மேலே இருக்கிற அந்த டப்பாவை எடுத்துக் குடுங்க."

கையைத் தூக்கினேன். "ஐயோ அம்மா!"

மனைவி சிரிக்கவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அந்தப் பெட்டியை முதல்ல கடையில திருப்பிக் குடுத்துடு" என்றேன்.

"பிரிக்காததெல்லாம் காலையிலேயே திருப்பியாச்சு."

"அடிப்பாவி! அப்புறம் என்னை எதுக்கு இப்படி வாட்டினே?"

"பாப்பா சொன்னப்ப நம்பலையே நீங்க."

வெட்கமாகப் போய்விட்டது. மகளைக் கூப்பிட்டேன். தான் போட்டுக்கொள்ளும் அரிப்புக் களிம்போடு வந்தாள்.

"அப்பா மேலதான் தப்பு பாப்பா. உயிர் போகுது, அந்தக் களிம்பைக் கொஞ்சம் குடு."

மகள் களிம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் மனப்பிரமைப்பா!"