பாவம் படியும் குடம்

அந்தத் தெருவில் பாவத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது. குடத்தின் அடியில், விரல் கனத்துக்குச் சேறாக.

தெளிவு ஐயா என்ற சாமியார் வந்த பிறகுதான் இந்த வசதி. கலங்கலான குழாய்த் தண்ணீரில் அவருடைய அதிசயக் கல்லை ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். பிறகு நம் பாவங்களைக் குடத்துக்குள் கிசுகிசுத்து மூடிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் பாவம் அடியில் தங்கிவிடும். மேலே கண்ணாடி போலத் தண்ணீர். கல்லின் விலை ஒரு நாள் கூலி. பாவம் தொலைய அதுகூடக் கொடுக்கக்கூடாதா? வரிசை தெருமுனையைத் தாண்டியது.

கடைசி வீட்டுத் தையற்காரிக்குத்தான் தலைகுனிவு. குழாய் அவள் வீட்டோடு முடிவதால் சேறெல்லாம் அவள் குடத்துக்கே வந்தது. அவள் செய்யாத பாவங்களைத் தெருவே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது. முதல் வீட்டு வட்டிக்காரர் குடத்தில் துளி சேறு இல்லை. அதை வாசலிலேயே வைத்திருந்தார்.

முடிதிருத்துபவர் இதையெல்லாம் கடையில் கேட்டுக்கொண்டு, பேசாமல் கத்தரித்துக்கொண்டிருந்தார். பேரனுக்கு வயிற்றுப்போக்கு வரும்வரை.

"தண்ணியைக் கொதிக்க வச்சியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"கொதிக்க வச்சா கல்லோட உயிர் போயிடும்னு ஐயா சொல்லியிருக்காரு."

"பேரனோட உயிர்?"

மூன்று நாளில் குழந்தையின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவர் கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். தெரிந்த துவர்ப்பு. பிறகு அடுப்பைப் பற்றவைத்தார்.

மறுநாள் காலை, கூட்டத்தின் நடுவில் இரண்டு குடங்களை இறக்கினார். தையற்காரி வீட்டுத் தண்ணீர். இரண்டும் தெளிந்திருந்தன, அடியில் சேறோடு.

"ஐயா, இதுல எந்தக் குடத்துல உங்க கல்லு இருக்குன்னு சொல்லுங்க."

ஐயா கண்ணை மூடினார். இடது குடத்தைத் தொட்டார். "இதுலதான் என் மூச்சு ஓடுது."

முடிதிருத்துபவர் அதில் கையை விட்டு ஒரு கல்லை எடுத்தார். வலது குடத்திலிருந்தும் ஒன்றை எடுத்தார். முதல் கல்லில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது.

"என்னுது மாதிரி இருக்கே," என்றார் வட்டிக்காரர், மோவாயைத் தடவியபடி.

"உங்களுதுதான். ரெண்டுமே என் கடைப் படிகாரம். சவரத்துல வெட்டுப்பட்டா தேய்க்கிறது. ஐயா விக்கிறதும் இதேதான். இத்தனை வருஷமா உங்க தாடையில எல்லாம் ஐயா மூச்சுதான் ஓடியிருக்கு."

"பாவத்தைச் சொன்னியாப்பா?" என்று ஐயா கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். அதுவும் படிஞ்சிடுச்சு. சரி, தெளிஞ்ச தண்ணிதானே, ஒரு டம்ளர் குடிங்க."

"இன்னிக்கு எனக்கு விரதம்."

தையற்காரி அவர் பையைத் திறந்தாள். கடையில் விற்கும் தண்ணீர் பாட்டில்கள் நான்கு, மூடி பிரிக்காமல். "விரதத்துக்கு இதெல்லாம் எதுக்குங்க ஐயா?"

ஐயா செருப்பைக்கூடத் தேடாமல் நடையைக் கட்டினார்.

"சேறுதான் அடியில போகும், கிருமி மேலேயே இருக்கும்," என்றார் முடிதிருத்துபவர். "துணியில வடிகட்டுங்க. நல்லா கொதிக்க வச்சு ஆறவச்சுக் குடிங்க."

"அப்ப என் குடத்துல சேறே இல்லாதது?" என்றார் வட்டிக்காரர்.

"குழாய் உங்க வீட்டுல ஆரம்பிக்குது. வேற ஒண்ணுமில்ல."

கூட்டத்திலிருந்து ஒருவன் பணிவாக முன்னால் வந்தான். "அண்ணே, ரெண்டு குடத்தைத் தெளிய வச்சிருக்கு. உங்க கல்லுக்குத்தான் சக்தி அதிகம் போல. என்ன விலை?"

முடிதிருத்துபவர் அவன் தலையைப் பார்த்தார். வீட்டில் பேரனுக்குத் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"தம்பி, மேல இருக்கிற முடியை நான் பார்த்துக்கறேன்," என்றார். "உள்ள இருக்கிறதை நீயும் கொஞ்சம் வேலை வாங்கு."