பிள்ளைக்காம்பராவில் ஒரு தரவு மையம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலையாயது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல. எங்கள் 'நித்தியம் டிஸ்க்' கம்பெனியின் வளர்ச்சி மற்றும் இலாப மூலோபாயம்தான். அந்தக் கம்பெனியின் ஊவா மாகாண இணைப்பதிகாரி என்ற முறையில், எள்ளளவும் பக்கச்சார்பின்றி இதைச் சொல்கிறேன்.

படங்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க்கைச் செய்து விற்றால் இலாபம் ஒரு தரம்தான் வரும். அதே டிஸ்க்கை நாமே வைத்துக்கொண்டு, ஊரார் படங்களை அதில் போட்டு வாடகை வாங்கினால் மாதாமாதம் வரும். ஒரே தொல்லை, டிஸ்க்குகளை இரவு பகலாக ஓட்டும் இயந்திரங்கள் சூடாகிவிடும். குளிரூட்டுவதிலேயே இலாபம் கரைந்துவிடும். இதற்கு வழி தேடித்தான் எங்கள் பணிப்பாளர் லூக்காஸ் அப்புத்தளையில் ரயிலை விட்டு இறங்கினார். இறங்கியதும் நடுங்கினார். நடுங்கிக்கொண்டே, "இவ்வளவு குளிரும் சும்மா கெடக்குதே" என்றார். தொலைநோக்கு என்பது இதுதான். பனிமூட்டத்தில் எதிரே நின்ற என்னை அவருக்குத் தெரியவில்லை என்பது வேறு விடயம்.

பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டம் அமைந்தது. அங்கே ஒழுகாத கூரைகள் இரண்டுதான்: ஒன்று துரை பங்களா, மற்றது பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. துரையிடம் போய்ப் பங்களாவைக் கேட்பது மரியாதையாகுமா? ஆகவே இயந்திரங்கள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தன; பிள்ளைகள் 'தற்காலிகமாக', தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறைக்கு மாற்றப்பட்டார்கள். அதன் தகரக் கூரையில் இருந்த ஓட்டைகளை 'இயற்கையான காற்றோட்டம்' என்று அறிக்கையில் எழுதினேன். பிள்ளைகளைப் பார்த்துவந்த ஆயா மாரியாயியிடமே இயந்திர அறையின் சாவியையும் கொடுத்து, இரண்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். சம்பளம் மட்டும் ஒன்று. மூலோபாயத்தில் இதற்கு 'ஒருங்கிணைப்பு' என்று பெயர்.

மழைக்காலம் வந்தது. இயந்திரங்கள் நலமாக இருந்தன. பிள்ளைகள் இருமினார்கள். கொழுந்து பறிக்கும் தனலெட்சுமியின் கைக்குழந்தை மூச்சிழுப்பு கண்டு பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தது.

பிறகு ஒருநாள் கொழும்பிலிருந்த லூக்காஸ் தன் கெமராத் திரையில் ஒரு பயங்கரத்தைக் கண்டார். இயந்திரங்களுக்கு நடுவே கயிறு கட்டி ஈரத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பின்பக்கம் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே வந்து விசாரணை வைத்தார். மாரியாயி பதறவில்லை.

"மெசினுக்குப் பின்னாடி வெக்கக் காத்து சும்மாதானேங்க போகுது. புள்ளைங்க இருமாம தூங்குதுங்க."

அந்தக் காற்று கம்பெனிச் சொத்து என்று லூக்காஸ் விளக்கினார். அதற்குக் கட்டணம் அறவிடலாமா என்று என்னிடம் தனியே கேட்டார். பிள்ளைகளின் மூச்சில் ஈரம் உண்டு, அது டிஸ்க்குக்கு ஆகாது என்று நான் நினைவூட்டினேன். அதற்காக எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

அப்போது தனலெட்சுமி பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்தாள். மழைக்காக இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குளிர் பட்டா புள்ள தாங்காதுன்னு டொக்டர் சொல்லிட்டாருங்க ஐயா. அந்த மூலையில ஒரு பாய் போட்டுக்கிறோம். வேற ஒண்ணும் கேக்கலைங்க."

லூக்காஸின் மனம் இளகிவிட்டது. போனை எடுத்து, தூங்கும் பிள்ளைகளை அழகாகப் படம் பிடித்தார். 'தொழில்நுட்பத்தின் தாய்மடி' என்ற தலைப்புடன் அது எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. பங்குதாரர்கள் கண் கலங்கினார்கள். படம் எடுத்த அன்றைக்கே இயந்திர அறையின் பூட்டையும் மாற்றிவிட்டோம்.

அந்தப் படத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். கம்பெனி விதிப்படி அதற்கு மூன்று பிரதிகள் உண்டு: ஒன்று கொழும்பில், ஒன்று வெளிநாட்டில், ஒன்று அதே பிள்ளைக்காம்பராவில், ஈரம் படாமல், இளஞ்சூட்டில். ஒன்று போனாலும் இரண்டு இருக்கும்.

தனலெட்சுமியின் குழந்தை மறுபடியும் பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அது ஒரே ஒரு பிரதி. அதைத்தான் நாங்கள் ஒழுகுகிற அறையில் வைத்திருந்தோம்.