ஊறுகாய்க் குழியில் ஒரு டிராக்டர்

என் அக்கா வீட்டு டிராக்டரை மாடுகள் நக்கும். காலையில் அவிழ்த்துவிட்டதும், தண்ணீர்த் தொட்டிக்குப் போவதற்கு முன்னால், நேராக அதனிடம்தான் போகும். பின்சக்கரத்து மட்கார்டை வலது பக்கம் மூன்று, இடது பக்கம் மூன்று என்று நின்று நக்கும். நக்கி நக்கி அந்த இடத்தில் பெயின்ட் போய், தகரம் சாமி வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிறது. புதிதாக வருகிறவர்கள் காரணம் கேட்பார்கள். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் கை காட்டுவார்கள்.

ஒப்புக்கொள்கிறேன். நான்தான்.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூரில் பனியன் மடித்தேன். சூரத்தில் சாயத் தொட்டி கழுவினேன். லாரியில் கிளீனராக இருந்தேன். அரியானாவில் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஒன்றரை வருடம் பாத்திரம் தேய்த்தேன். சில நாள் பட்டினி, சில நாள் காய்ச்சல், மற்ற நாட்களில் வேலை. எங்கே இருந்தாலும் என் பையை முழுதாகப் பிரித்ததில்லை. மேலே கிடக்கிற சட்டையை எடுத்து உடுத்துவேன். அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இடையிடையே அக்கா வீட்டுக்கு வருவேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், மழை பிடித்தால் ரோடு எது வயல் எது என்று தெரியாத ஊர். அக்கா பெயர் அஞ்சலை. அவள் வீட்டுக்காரர் கோவிந்தன் மாமா. மகள் கயல் அப்போது சிதம்பரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். மாடு ஏழு. அதாவது, நான் சொல்லப்போகும் வருடத்துக்கு முந்தைய மழைக்காலம் வரைக்கும் ஏழு.

அந்த மழையில் வயலில் பதினெட்டு நாள் தண்ணீர் நின்றது. பசும்புல் அழுகியது. வைக்கோல் போரும் ஊறிப் பூசணம் பிடித்தது. தீனி இல்லாமல் அக்கா இரண்டு மாட்டை விற்றாள். ஒன்று ஆறு மாதச் சினை. விற்ற பிறகும் கொட்டகையைக் கூட்டும்போது காலியாகக் கிடந்த அந்த இரண்டு கட்டுத்தறியையும் சேர்த்துக் கூட்டினாள். தினமும். இரண்டு வேளை.

அடுத்த மழைக்கு முன்னால் நான் வந்தபோது, இதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னேன். "அக்கா, அரியானாவுல பச்ச மக்காச்சோளத்த வெட்டி, குழியில போட்டு மிதிச்சு மூடிருவான். காத்து போவாம இருந்தா மாசக்கணக்குல கெடாது. மழையாவது புயலாவது, மாடு பாட்டுக்குத் தின்னுக்கினு இருக்கும்."

"ஊறுகாய்ப்புல்லு, மாமா" என்றாள் கயல். "எங்க காலேஜ் பக்கம் கூட போர்டு வெச்சிருக்காங்க."

"உனக்கு செய்யத் தெரியுமாடா?" என்றாள் அக்கா.

"எனக்கா? ஒன்றரை வருசம் அதுலதானக்கா இருந்தேன்."

(இருந்தது உண்மை. பண்ணை சாப்பாட்டுக் கடைக்கு எதிரில் இருந்தது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். நடுவில் லாரி வந்து மறைத்த நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.)

அக்கா அரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டாள். கதிரில் பால் பிடிக்கிற சமயத்தில் அறுத்தோம். கொல்லையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டினோம். டிராக்டர் இறங்குவதற்கு ஒரு பக்கம் சரிவாக விட்டோம்.

இனி அந்த டிராக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேல்பட்டாம்பாக்கம் பக்கம் கரும்பு இழுத்து இழுத்து ஓய்ந்துபோனதை மாமா மூன்றாவது கையாக வாங்கி வந்தார். ஒரு கண்தான் எரியும். பிரேக் என்பது வேண்டுதல் மாதிரி, சில சமயம் பலிக்கும். ஆனால் பெரிய குறை வேறு. அதன் செல்ஃப் மோட்டாரைப் பழுது பார்க்க மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுபோனார் மாமா. அதைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் திரும்பவும் மாட்ட ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அந்த ஓட்டையை ஒரு பவுடர் டப்பா மூடிதான் அடைத்துக்கொண்டிருந்தது. சாவி போட்டால் கிளம்பாது. மேட்டில் நிறுத்தி, உருட்டிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும்.

இதற்காகவே மாமா வாசலில் மண் கொட்டி ஒரு மேடு கட்டியிருந்தார். வெளியே எங்கு போனாலும் முதலில் அவர் கண் மேட்டைத்தான் தேடும். "சிதம்பரத்துல ஒரு மேடு இல்ல மச்சான். எப்புடித்தான் மனுசன் குடியிருக்கானோ" என்பார். மேடு இல்லாத ஊரில் வண்டியை நிறுத்தவே மாட்டார். ஒரு கல்யாணத்துக்குப் போய், மண்டப வாசலில் இன்ஜின் இரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்க, மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இரண்டாவது தடவை வாங்கிக் குடித்துவிட்டு வந்தவர் அவர். நாதஸ்வரக்காரர்தான் பாவம்.

ஆக அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்: சமதரையில் இன்ஜினை நிறுத்தக் கூடாது. பால் வாங்க வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று விடியற்காலையிலேயே வேலை தொடங்கியது. டிராக்டரோடு பெல்ட் மாட்டி, தட்டை வெட்டும் மெஷினை ஓட்டினோம். மதியத்துக்குள் அரை ஏக்கர் சோளமும் துண்டு துண்டாகிக் குழி ஓரம் மலையாகக் குவிந்தது. பாதியைக் குழியில் தள்ளி, வெல்லத் தண்ணீரும் உப்பும் தெளித்தோம். அதன்மேல் டிராக்டரை ஓட்டி மிதிக்க வேண்டும். அப்புறம் மீதியைத் தள்ளி, மறுபடி மிதித்து, தார்ப்பாய் போட்டு மூடி மண் போட வேண்டும். எல்லாம் அன்றைக்கே முடிய வேண்டும். காற்றும் மழையும் படக் கூடாது. பட்டால் அத்தனையும் எருக்குழிக்குத்தான் போகும். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"மச்சான், நீதான் அரியானாக்காரன். நீயே மிதி" என்று மாமா இறங்கிக்கொண்டார்.

நான் ஏறினேன். தெருவே கொல்லையில் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முன்னால் பின்னால், முன்னால் பின்னால் என்று ராஜா மாதிரி மிதித்தேன். குழியின் நடுவில் இருக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

மேஸ்திரி. பாலம் கட்டும் வேலைக்கு ஆள் சேர்ப்பவர். பத்து நாளாக அவர் அழைப்புக்காகத்தான் காத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அன்று காலையில்கூட அக்கா கஞ்சி ஊற்றிக்கொண்டே, "இந்த மழ முடியிற வரைக்குமாவது இருடா" என்று சொல்லியிருந்தாள். நானும் தலையை ஆட்டியிருந்தேன்.

"அலோ! அலோ! அண்ணே, கேக்கல!" என்று கத்தினேன். அந்த இன்ஜின் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

அதனால் நான் என்ன செய்தேன் என்றால், கையை நீட்டி, இன்ஜினை நிறுத்துகிற கம்பியைப் பிடித்து இழுத்தேன்.

வண்டி ஒரு தரம் குலுங்கி நின்றது. அதுவரை எனக்கு அந்தக் கொல்லையில் வேறு சத்தம் இருப்பதே தெரியாது. காக்கை கத்தியது. யாரோ ஒருவர் கையிலிருந்த மண்வெட்டி கீழே விழுந்தது. இந்த அமைதியில், ஆள் உயரக் குழிக்குள்ளிருந்து என் குரல் கணீரென்று எழுந்தது:

"இப்ப கேக்குதுண்ணே. நாளான்னிக்கு சிதம்பரம் ஸ்டேசன்தான? வந்துர்றேண்ணே. இங்க எனக்கு இன்னா வேல இருக்குது?"

போனை மடக்கிப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மேலே வரிசையாகத் தலைகள். மாமாவின் வாய் திறந்திருந்தது.

"மச்சான்" என்றார் மெதுவாக. "வண்டி எங்க நிக்குது?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

ஆண்கள் பன்னிரண்டு பேர் இறங்கித் தள்ளினோம். சோளத் துண்டில் சக்கரம் உருளவில்லை, புதைந்தது. ஊரில் மற்ற டிராக்டர்கள் எல்லாம் நடவுக்குச் சேறடிக்கப் போயிருந்தன. தேடிப் பிடித்து ஒன்றைக் கொண்டுவந்தோம். அதற்குள் தூறல் போட்டு, சரிவு வழுக்க ஆரம்பித்துவிட்டது. கயிறு கட்டி இழுத்ததில் இரண்டு முறை கயிறு அறுந்தது. மூன்றாவது முறை இழுக்கிற வண்டியே பின்னால் சறுக்கியது. அதன் டிரைவர் கீழே குதித்துவிட்டார்.

"யோவ், ஜாஸ்தி ஆசப்படாதீங்க. இன்னொரு தபா இழுத்தா நானும் உங்க ஊறுகாயிலதான். தை மாசம் தரை காஞ்சதும் கூப்புடுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

தூறல் வலுத்தது. யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் குழியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஐந்து மாடு நின்றது.

"வண்டியோட சேத்து மூடுங்க" என்றாள்.

"இன்னாது?" என்றார் மாமா.

"இன்ஜின பழைய தார்ப்பாயால சுத்திக் கட்டு. மிச்சத்த சுத்திலும் கொட்டி மிதிச்சு மூடிரலாம்."

"அடியே, என் வண்டிய உசுரோட பொதைக்கச் சொல்றியா?"

"நாப்பத்தஞ்சு நாளு. நீ துபாய்க்குப் போயிட்டு ரெண்டு வருசம் கழிச்சு வந்த. நான் இன்னா செத்தா போயிட்டேன்?"

மாமா தார்ப்பாயை எடுத்துவரப் போனார்.

பிறகு அந்தத் தெருவின் பெண்கள் அத்தனை பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்கள். டிராக்டரைச் சுற்றிக் கொட்டக் கொட்ட, காலாலேயே மிதித்தார்கள். நானும் மிதித்தேன். சோளத் தாள் கிழித்துக் கால் முழுக்க எரிந்தது. பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்த அக்கா என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"போறதுன்னா போ. நான் புடிச்சு வெக்க முடியுமா? ஆனா இது உன் பேச்ச நம்பிப் போட்ட குழி. தொறக்கறப்ப நீ இருக்கணும். நல்லாருந்தாலும் பாரு, நாறிப்போனாலும் பாரு. பாத்துட்டுப் போ."

இருட்டுவதற்குள் மூடிவிட்டோம். ஸ்டீயரிங் இருந்த இடம் மட்டும் முதுகு மாதிரி புடைத்திருக்க, புகைக்குழாய் தார்ப்பாயைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தார் மாமா. ரோட்டில் போகிறவர்கள் நின்று, யாருடைய சமாதி என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மேஸ்திரியிடம் வரவில்லை என்று சொன்னேன். மழை பெய்தது. வயலெல்லாம் தண்ணீர். நான் தினமும் காலையில் எழுந்ததும் குழியைச் சுற்றி வந்து, எங்கேயாவது தார்ப்பாய் தூக்கியிருக்கிறதா என்று பார்த்து மண் போடுவேன். நாலாவது நாள், துவைத்தது எதுவும் காயாமல், உடுத்த துணி இல்லாமல் பையை அடிவரை பிரித்தேன். (அடியில் இருந்தது ஒரு சூரத் பஸ் டிக்கெட்டும், யாருடையதோ ஒரு சீப்பும்.) கார்த்திகை தீபத்தன்று அக்கா எருக்குழிக்கு விளக்கு வைத்துவிட்டு வந்தாள். மாமா யாருக்கும் தெரியாமல் ஒரு அகலைக் கொண்டுபோய் அந்தப் புகைக்குழாய் ஓரம் வைத்துவிட்டு வந்தார். எல்லோரும் பார்த்தோம்.

நாற்பத்தைந்தாம் நாள் திறந்தோம். மேலே ஒரு சாண் கறுத்துப் பூசணமாக இருந்தது. அப்படியே அரியானாவுக்கு நடந்தே போய்விடலாமா என்று நினைத்தேன். அக்கா அதை ஒதுக்கிவிட்டு முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். புளித்த மோரில் வெல்லம் போட்ட மாதிரி ஒரு வாசனை. கூடையில் அள்ளிக் கொண்டுபோய் கறுப்பி என்கிற பசுவின் முன்னால் வைத்தாள். கறுப்பி முகர்ந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பிறகு கூடைக்குள் முகத்தை விட்டது, வெறும் கூடையை நக்கிய பிறகுதான் எடுத்தது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாத்தம் தாங்கல" என்றாள்.

அந்த மழைக்கு மாடு எதுவும் விற்கவில்லை. தினமும் அள்ள அள்ள, டிராக்டர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலில் ஸ்டீயரிங், பிறகு சீட், பிறகு மட்கார்டு. உப்பும் வெல்லமும் ஊறிய அந்த மட்கார்டில்தான் மாடுகளுக்கு நாக்கு பழகியது. தை மாதம் அந்த டிரைவர் சொன்னபடி வந்து இழுத்தார். மேட்டிலிருந்து உருட்டினோம். இருமியது, தும்மியது, கிளம்பிவிட்டது. ஒரு வாரம் புகையெல்லாம் ஊறுகாய் வாசனை. வருடம் திரும்புவதற்குள் காலிக் கட்டுத்தறி ஒன்றில் கறுப்பியின் கன்று கட்டப்பட்டது.

இந்த மழையோடு நானும் ஆறு குழி மூடிவிட்டேன். கயல் இப்போது கடலூரில் வேலை பார்க்கிறாள். நான் எதைப் பற்றியாவது எனக்குத் தெரியும் என்று வாயெடுத்தால் போதும், "மாமா, மொதல்ல இன்ஜின் ஓடுதான்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்பாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே இந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை முதல் காரியமாக வாசல் மேட்டுக்குப் போய் மட்கார்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். சம்பந்தம் முடிந்தது.

மேஸ்திரி மட்டும் விடவில்லை. வருடத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுகிறார். போன வாரம்கூட, நான் குழியில் மிதித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார். மேலே நின்ற அக்கா, மாமா, விடுமுறைக்கு வந்திருந்த கயல், அவள் வீட்டுக்காரர், எல்லோரும் வரிசையாக என் கையையே பார்த்தார்கள்.

நான் கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கத்தினேன்:

"வண்டி ஓடுதுண்ணே! நீங்க சொல்றது ஒண்ணும் கேக்கல!"