விடாப்பிடிச் சக்கரம்

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் கருகல் வாடை வந்தது. யாரோ வயலில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தான் அந்தோணி பிரபு. ஒரு கிலோமீட்டர் போன பிறகும் அதே வாடை. வயல் கூடவே ஓடி வராது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஓரம் கட்டி இறங்கினான். பின்னால் இழுத்து வந்த டிரெய்லரில் புது ஃபைபர் படகு சொகுசாக உட்கார்ந்திருந்தது. டிரெய்லரின் இடது சக்கரம்தான் புகைந்துகொண்டிருந்தது. திண்டிவனம் பட்டறையில் அவனே செய்த படகு. மழைக்கு முன்னால் வளவனூர்ப் பக்கத்து இளைஞர் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஆனால் அவன் கவலை படகு அல்ல. பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் முகையூர் சவுரிராயன் போன் செய்வார். போன ஞாயிறு அவர் மகள் வெனிலாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தான். "எங்க பக்கம் சம்மதம். தம்பி அவரு வாயால சொல்லணும். இல்லாங்காட்டி பாண்டி வரன் ரெடியா இருக்கு" என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

சிக்கலே அங்கேதான். ஏற்கெனவே ஐந்து பெண் பார்த்தாகிவிட்டது. அபிப்பிராயம் கேட்டால் போதும், முப்பத்து நாலு வயது ஆள் நெளிவான். "அம்மாவக் கேளுங்க" என்பான். ஐந்து பெண்களும் இப்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெனிலாவை அப்படிக் கைவிட அவனுக்கு மனமில்லை. "படகு செய்யறீங்களே, நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றான். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து ஆறு நாளாக இவனும் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

தண்ணீர் கேனை எடுத்துச் சக்கரத்தில் கவிழ்த்தான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வண்டியை எடுத்ததும் சக்கரம் கீச்சென்று அலறியது.

பட்டறை மெக்கானிக் தேவநாதனுக்குப் போன் போட்டான்.

"கொதிக்கிற பிரேக் டிரம்முல தண்ணி ஊத்துனியா? அது இன்னா தோசைக்கல்லா? அடியில பூந்து அட்ஜஸ்டர லூஸ் பண்ணு."

போனைச் சீட்டில் போட்டு, காதில் ப்ளூடூத்தை மாட்டிக்கொண்டு அடியில் புகுந்தான். பயபக்தியோடு திருகினான். திருகியது தப்பான பக்கம். இதுவரை சிரமப்பட்டுச் சுற்றிய சக்கரம், வண்டியை நகர்த்தியதும் சுற்றவே மறுத்து ரோட்டில் பத்தடிக்குக் கறுப்புக் கோடு போட்டது.

"அண்ணே, சுத்தமா நின்னுபோச்சி!"

"டைட் பண்ணிட்டியா? பேஜாரு புடிச்சவனே, நான் சொல்றத..." லைன் அறுந்தது.

மறுபடி அடியில் படுத்தான். கையெல்லாம் கிரீஸ். ஐந்து நிமிஷத்தில் காதில் மணி அடித்தது. தேவநாதன்தான் என்று தோளால் காதைத் தட்டினான். பக்கத்தில் டிப்பர் லாரிகள் வரிசையாக இரைந்துகொண்டு போயின.

"ஹலோ, கேக்குதா? புடிச்சிருக்கா, இல்லியா?"

"புடிச்சிருக்காவா? ஒரேடியா புடிச்சிருக்குங்க! வுடவே மாட்டேங்குது!"

"நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றியா?"

"இன்னும் எத்தினி தபா பாக்கறது?"

"வேற ஒண்ணு பாக்கலாம்னு எதுனா..."

"வேற ஒண்ணுக்கு எங்க போவேன்? கடைசி வரைக்கும் இதோடதான் போயாவணும்."

எதிர்முனை நெகிழ்ந்தது போல இருந்தது. "சரி, எப்ப முடிச்சிக்கலாம்?"

"இன்னிக்கே முடிச்சாவணும். நாளைக்குன்னா தாங்காதுங்க. மழை வேற வரும்போல."

"இம்மாம் அவசரமா! சரி, ஆளுங்களக் கூட்டிக்கினு வந்துடறேன்."

"ஜல்தி வாங்க!"

முக்கால் மணி நேரம் காத்திருந்தான். தேவநாதனும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. வெறுத்துப்போய்த் தானே குனிந்து பார்த்தான். ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி, இழுத்த இடத்திலேயே இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றிவிட்டு, அட்ஜஸ்டரை இந்த முறை சரியான பக்கம் திருகினான். சக்கரம் ஒன்றுமே நடக்காதது போலச் சுழன்றது.

மணி ஒன்று. சவுரிராயன் கூப்பிடவே இல்லை. தேவநாதனோடு பேசிப் பேசியே லைனை அடைத்துவிட்டோம், இந்நேரம் பாண்டி வரனுக்குச் சொல்லியனுப்பியிருப்பார் என்று நினைத்தான். தானே கூப்பிடலாமா? போனை எடுத்தான், வைத்தான். படகைப் பார்த்து, "எனக்குச் சம்மதங்க" என்று சொல்லிப் பழகினான். படகிடம் அழகாக வந்தது.

சாயங்காலம் ஏரிக்கரையில் படகை இறக்கிக்கொண்டிருந்தபோது விழுப்புரத்திலிருந்து அம்மா அமலோற்பவமேரி கூப்பிட்டாள்.

"டேய், எங்கடா சுத்திக்கினு இருக்க? பங்குச் சாமியாரு, பூ, பழம், இருவது ஜனத்தோட சவுரிராயன் நம்ம வூட்ல வந்து ஒக்காந்திருக்காரு. 'வுடவே மாட்டேங்குது, நாளைக்குன்னா தாங்காது, இன்னிக்கே நிச்சயத்த முடிச்சாவணும்'னு காலையில அவரு போன் பண்ணப்ப ஒத்தக்கால்ல நின்னியாமே!"