சித்தியின் டிரைவிங் ஸ்கூலும் நான் மாற்றிய பெல்ட்டும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரை நிற்க வைப்பதற்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டும். படிக்காதவர்கள் அதில் கை வைக்க மாட்டார்கள்.

நான் படித்திருந்தேன். கடலூரில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எதைப் பார்த்தாலும் 'இதற்கு என்னென்ன கெட்டுப் போகலாம்' என்று மனசுக்குள் வரிசை போடும் வியாதி அப்போது முற்றியிருந்தது. (அம்மா என்னைக் கல்யாண வீடுகளில் பந்தலுக்குக் கீழே உட்கார வைக்க மாட்டாள். நிமிர்ந்து பார்த்து முடிச்சு எண்ணுவேன்.)

அந்த வருடம்தான் சிதம்பரத்தில் இருந்த என் சித்தி சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் தொடங்கினாள். பெண்களுக்கு மட்டும். அதற்கு முன்பு ஊரில் ஒரு பெரிய டிரைவிங் ஸ்கூலில் பல வருடங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளாக இருந்தாள். அங்கே பெண்களைச் சந்துகளில் மட்டும்தான் ஓட்ட விடுவார்கள். மெயின் ரோட்டுக்கு அழைத்துப் போனால் முதலாளி கோபித்துக்கொள்வார். ஒருநாள் சித்தி ஒரு மாணவியை மெயின் ரோட்டிலேயே புவனகிரி வரைக்கும் ஓட்ட வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் வேலையை விட்டாள். நகையை விற்று, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, தன் பக்கத்துக்கும் ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் பொருத்தி, அனுமதியும் வாங்கிவிட்டாள். விஜயதசமி அன்று காலையில் முதல் வகுப்பு. அதே நாளில் பழைய முதலாளியும் புது பேட்ச் தொடங்கினார் என்பதை யாரும் சித்தியிடம் சொல்லவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

கார் அருமையாக ஓடியது. ஆனால் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று விற்றவருக்குத் தெரியவில்லை. இன்ஜினின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும், பல் வைத்த ரப்பர் பட்டை அது. நடு ரோட்டில் அறுந்தால் வண்டி நின்றுவிடும். போனில் இதைச் சித்தியிடம் சொன்னேன்.

"மாத்தணும்ங்கிறியா?"

"கத்துக்கறவங்க கையில வண்டி இருக்கும்போது அறுந்தா என்ன ஆவும் சித்தி?"

"அப்ப நீயே வந்து மாத்து. வீட்டுல இன்ஜினியர வச்சிக்கிட்டு நான் எதுக்கு வெளிய போவணும்?"

இந்த வாக்கியத்துக்காகத்தான் நான் நான்கு வருடம் படித்தேன் என்று தோன்றியது. ஆயுத பூஜைக்கு லீவு. கடலூர் முதுநகரில் இருந்து கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஊசி போட வரும் நர்ஸ் என்று நினைத்து முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் திருத்தவில்லை. அன்றைக்கு நான் எதையும் குணப்படுத்துவேன்.

வேலையை முறைப்படிதான் செய்தேன். மூடியைக் கழற்றினேன். மேல் சக்கரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அது இன்ஜினில் இருக்கும் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். பள்ளம் கிரீஸில் தெளிவாகத் தெரியாததால் அதன் மேல் சாக்பீஸால் பளிச்சென்று ஒரு கோடு இழுத்தேன். பழைய பெல்ட்டைக் கழற்றினேன். அப்போதுதான் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் உடைந்திருப்பது தெரிந்தது. இதையும் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையோடு கடைக்குக் கிளம்பினேன்.

ஆயுத பூஜை அன்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கல்லாவுக்கும் தராசுக்கும் கற்பூரம் காட்டி முடிக்கும் வரை யாரும் ஸ்பிரிங் எடுத்துத் தர மாட்டார்கள். முடித்த பிறகு பொரியும் சுண்டலும் வாங்காமல் போக விடமாட்டார்கள். நான் திரும்பி வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

வீட்டிலும் பூஜை முடிந்திருந்தது. எங்கள் சித்தப்பா கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். வருடம் முழுவதும் வாயைத் திறக்காத மனிதர், ஆயுத பூஜை அன்று மட்டும் வீட்டின் தலைவர் ஆகிவிடுவார். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மனை, ஏணி என்று ஒன்று விடாமல் துடைத்துப் பொட்டு வைப்பார். இரும்புச் சாமானுக்குச் சந்தனம் மட்டும்தான். குங்குமம் வைத்தால் துரு பிடிக்கும் என்பது அவர் கொள்கை. அதையும் தீக்குச்சியின் பின்பக்கத்தால் மெல்லிசாக இழுப்பார். என் ஸ்பேனர்கள்கூட வரிசையாகச் சந்தனக் கோடு போட்டுக்கொண்டு படுத்திருந்தன. எனக்கு மனசு நெகிழ்ந்துபோனது.

நெகிழ்ந்த மனசோடு இன்ஜினைப் பார்த்தேன். மேல் சக்கரத்தின் கோடு இன்ஜின் கோட்டுக்கு மிகச் சரியாக நேரே நின்றது. கோடு கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. கிரீஸ் பட்டால் சாக்பீஸ் மஞ்சளாகும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். (அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் பரீட்சையில் எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பார்கள்.) புது பெல்ட்டை மாட்டினேன். எல்லாவற்றையும் மூடினேன். சாவியைத் திருகினேன்.

கிர்ர்ர் என்று சுற்றியது. பற்றவில்லை.

மறுபடி திருகினேன். மறுபடி கிர்ர்ர். பெட்ரோல் வருகிறதா, வருகிறது. பிளக்கில் பொறி அடிக்கிறதா, நீலமாக அடிக்கிறது. காற்று போகும் வழி சுத்தமாக இருக்கிறதா, இருக்கிறது. பிளக் ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா, மாறவில்லை. டைமிங்? அதை மட்டும் வரிசையிலேயே சேர்க்கவில்லை. அது நான் செய்த வேலை.

சித்தி என் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் குறைந்ததும், "பேட்டரியவாவது மிச்சம் வை, கவி. வந்து சாப்புடு," என்றாள். அவ்வளவுதான். 'ஓடிக்கிட்டிருந்த வண்டிய என்னடி பண்ண' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுது கொஞ்சம் லேசாகியிருப்பேன். கேட்கவில்லை. சாப்பாட்டைக்கூட நிறையவே போட்டாள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் சித்தி தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட புடவையில் என்னிடம் வந்தாள்.

"கவி, பானட்டத் தொறந்து வச்சிக்க. என்ன தேடுறியோ, வாய்விட்டு சொல்லிக்கிட்டே தேடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"வாய்விட்டு எதுக்கு சித்தி?"

"கிளாஸ் எடுக்கறவங்க வாய்க்குள்ளயா எடுப்பாங்க?"

மாணவிகள் வந்தார்கள். எல்லாரையும்விட எனக்கு இரண்டு பேர் நன்றாக நினைவில் இருக்கிறார்கள். ஒருவர் கிள்ளையில் இருந்து வந்த அமலி அக்கா. மீன் வாங்கி வெளியூருக்கு அனுப்புபவர், டிரைவர்களிடம் கெஞ்சி அலுத்துப்போனவர். இன்னொருவர் புவனகிரி டீச்சர். அவர் வரும்போதே கணவரையும் கூட்டிவந்திருந்தார், அல்லது அவர் இவரைக் கூட்டிவந்திருந்தார்.

சித்தி சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினாள். எல்லாரும் வண்டி நகர்ந்து பழம் நசுங்குவதற்காகக் காத்திருந்தார்கள். நான் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தேன்.

டீச்சரின் கணவர்தான் முதலில் கேட்டார். "ஏங்க, வண்டி ஸ்டார்ட் ஆவலயா?"

"இன்னிக்கு ஸ்டார்ட் பண்ணமாட்டோம் சார்," என்றாள் சித்தி.

"அங்க பெரிய ஸ்கூல்ல மொத நாளே ஓட்ட வுடறாங்களாம்."

"வுடுவாங்க. நானே அங்க வுட்டிருக்கேன். இன்ஜின் உறுமுற உறுமுல பாதிப் பேரு ரெண்டாவது நாள் வரமாட்டாங்க. எங்கிட்ட மொத நாள் இன்ஜின் ஆஃப்."

"அது ரூலுங்களா?"

"என் ரூல்."

(அந்த ரூலுக்கு அப்போது வயது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.)

பிறகு நடந்ததை நான் பானட்டின் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். சித்தி டீச்சரை ஸ்டீரிங் முன்னால் உட்கார வைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி, கிளட்ச், கியர் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு வெளியே தலையை நீட்டி, "எல்லாரும் பின்னால போயி தள்ளுங்க. சார், நீங்களும் ஒரு கை குடுங்க," என்றாள். அவர் இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு தள்ளினார். நான் பானட்டை மூடிவிட்டு முன்னால் இருந்து விலகி ஓடினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வாழ்க்கையில் முதல் முறையாக வண்டி ஓட்டிய டீச்சர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"ஏங்க, மெதுவா தள்ளுங்க. ஸ்பீடு ஜாஸ்தியா இருக்கு."

அன்றைக்கு முழுவதும் யாரும் பயப்படவில்லை. ஆளாளுக்கு ஏறி, ஸ்டீரிங்கை ஒடித்து, பிரேக் போட்டு, பக்கத்தில் இருந்த காலி மனையை ஒரு சுற்று சுற்றினார்கள். தள்ளுகிறவர்கள் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். செத்துப்போன ஒரு காரை வைத்துக்கொண்டு சித்தி எல்லாருக்கும் வண்டி ஓட்டிய நிம்மதியைக் கொடுத்துவிட்டாள். எனக்குக் கொடுத்த பட்டத்தில் இதற்கெல்லாம் பாடமே இல்லை.

பிறகு என் முறை. "இவுங்க இன்ஜினியர். இன்ஜின் எப்படி வேல செய்யிதுன்னு காட்டுவாங்க. வேற எங்கயும் பானட்டத் தொறந்தே காட்டமாட்டாங்க," என்று சொல்லி எல்லாரையும் என்னிடம் அனுப்பினாள்.

நான் வாய்விட்டுத் தேடத் தொடங்கினேன். இது பெட்ரோல் வழி. இது பிளக். பிளக்கைக் கழற்றினால் இந்த ஓட்டை. இன்ஜின் சுற்றும்போது இதில் காற்று அழுத்தி வரும், கட்டைவிரலை வைத்து மூடினாலும் தள்ளிவிடும். யாராவது வைத்துப் பாருங்கள். அமலி அக்கா விரலை வைத்தார். சித்தி சாவியைத் திருகினாள்.

"தள்ளலயே, பாப்பா."

"நல்லா அழுத்தி வைங்கக்கா."

"நல்லாத்தான் வச்சிருக்கேன். கொழந்த ஊதுற மாரி இருக்கு."

 அழுத்தம் வராவிட்டால், காற்றை அடைத்துப் பிடிக்க வேண்டிய வால்வு தவறான நேரத்தில் திறக்கிறது. அப்படியென்றால் டைமிங். அப்படியென்றால் நான்.

மூடியைக் கழற்றினேன். இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தபோது கோடு கோட்டுக்கு நேராகவே வந்து நின்றது. "பாருங்க, இது நான் சாக்பீஸால போட்ட குறி," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, விரலால் தொட்டேன். உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

சித்தப்பா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். "நான்தாம்மா வச்சேன்," என்றார், பாராட்டை எதிர்பார்க்கும் அடக்கத்தோடு.

"இங்க வெள்ளையா ஒரு கோடு இருந்திச்சா சித்தப்பா?"

"என்னமோ அழுக்கு இருந்திச்சி. அழுக்கு மேல பொட்டு வைக்கக் கூடாதில்ல. சுத்தித் தொடச்சுட்டேன்."

"சுத்தின்னா?"

"அந்தச் சக்கரத்தையே சுத்தி, ஒரு பல்லு விடாம. அப்புறம் கண்ணுக்கு நேரா எடுப்பா ஒண்ணு வச்சேன்."

 நான் துணியால் சந்தனத்தைத் துடைத்து, சக்கரத்தை மெதுவாகத் திருப்பினேன். உண்மையான பள்ளம் எங்கேயோ பக்கவாட்டில் இருந்து எழும்பி வந்தது. சித்தி எட்டிப் பார்த்துவிட்டு மாணவிகள் பக்கம் திரும்பினாள். "பாத்துக்குங்க. மேல ஒரு நேரம், கீழ ஒரு நேரம்னு இருந்தா எவ்வளவு திருகினாலும் வண்டி கெளம்பாது. கவி, சரியா மாட்டிக் காட்டு."

பெல்ட்டை மறுபடி கழற்றி மாட்டும் வரை ஒருவரும் போகவில்லை. டீச்சரின் கணவர் டார்ச் பிடித்தார். டைமிங் தப்பினாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாத ரக இன்ஜின் என்பதால் உள்ளே எதுவும் உடைந்திருக்கவில்லை. அது என் திறமையில் சேராது. சாவியைச் சித்தியே திருகினாள். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள், ஏதோ அதுவும் பாடத்தின் முடிவில் வருவதுதான் என்பது போல.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று சித்தி உள்ளே போனாள். கொஞ்ச நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தாள்.  ரவிக்கை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. காலையில் இருந்து வெளியே ஒருவருக்கும் தெரியாமல் இதைத்தான் அவள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். இன்றுவரை பார்த்ததாகச் சொன்னதில்லை.

அன்று வந்தவர்களில் ஒருவர்கூடப் பழைய முதலாளியிடம் போகவில்லை. அமலி அக்கா இப்போது கிள்ளையில் இருந்து சொந்த வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வருகிறார். டீச்சர் தன் தங்கைகளையும் சேர்த்துவிட்டார். 'முதல் நாள் இன்ஜின் ஆஃப்' என்பது சித்தியின் பள்ளியில் நிரந்தரச் சட்டம் ஆகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்கள், "மொத நாளு வண்டி தள்ளணுமாமே," என்று தைரியமாகக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பழைய முதலாளியும் தன் பள்ளியில் பானட்டைத் திறந்து காட்டத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி.

சித்தப்பா மட்டும்தான் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார். விசேஷங்களில் புது மாப்பிள்ளை யாராவது மாட்டினால், பக்கத்தில் உட்கார வைத்து, முழுக்கதையும் சொல்லி, கடைசியில் என்னைக் கைகாட்டுவார். "இந்தப் பொண்ணு அன்னிக்குச் சரியாத்தான் மாட்டியிருக்கும். நான் மட்டும் அந்தச் சக்கரத்தச் சுத்தலன்னா, ஊர்ல அது இன்னொரு டிரைவிங் ஸ்கூல், அவ்வளவுதான்."

மறுப்பதற்கு என்னென்ன காரணம் இருக்கிறது என்று நான் பலமுறை வரிசை போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தேறவில்லை.