கயேட்டாவில் முதல் வரிசைக் குடை

கயேட்டா, ஆகஸ்ட் 11

வக்கீல் தொழிலில் பெயரெடுத்திருக்கும் என் தம்பி மகன் ஒத்தாவியோவுக்கு, உன் அத்தை எர்சிலியா எழுதுவது.

நீயும் உன் மனைவியும் நேப்பிள்ஸ் வெயிலிலும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். என் முழங்கால்கள் நலம். மற்றவை நலமில்லை. புகாரை இரண்டாம் பத்தியில்தான் தொடங்க வேண்டும் என்று கன்னியர் பள்ளியில் எங்கள் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆகவே இந்தப் பத்தியை இங்கேயே முடிக்கிறேன்.

நானும் உன் மாமா கஸ்பாரேயும் நாற்பத்தொரு கோடைகள் இந்தக் கடற்கரையில் முதல் வரிசையில், இடமிருந்து மூன்றாவது குடையின் கீழ் உட்கார்ந்தவர்கள். முதல் வரிசை சும்மா கிடைப்பதில்லை. அங்கே யாராவது செத்தால்தான் பின்னாலிருப்பவர் ஒரு வரிசை முன்னேறலாம். செத்தது உன் மாமா, நான் இல்லை. ஆனால் அவர் போனபின் முதல் தடவையாக இந்த வாரம் வந்து பார்த்தால், எங்கள் குடைக்கடியில் வடக்கே பிரெஷ்ஷா நகரத்திலிருந்து வந்த ஒரு தம்பதி பீச் பழம் தின்றுகொண்டிருக்கிறார்கள். குடை வாடகைக்கு விடும் தமியானோவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"போன வருஷம் நீங்க வரலியேம்மா, கடுதாசியும் போடல. இடம் போயிருச்சு. அதுக்கு நேர் பின்னாலயே ரெண்டாவது வரிசையில போட்டிருக்கேன்."

"போன வருஷம் என் புருஷனை அடக்கம் பண்ணிட்டிருந்தேன்."

"தெரியும்மா, மலர்வளையம் அனுப்பினோமே."

வந்தது உண்மைதான். சிறியது.

தண்ணீரோரம் யாருக்கும் சொந்தமில்லை என்பது சட்டம் என்று நீதானே ஒருமுறை சொன்னாய், அதனால் விடுதியிலிருந்து ஒரு நாற்காலியைச் சுமந்துபோய் முதல் வரிசைக்கும் முன்னால் போட்டு, கையுறை அணிந்து, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன், அலை வந்தது, நாற்காலிக் கால்கள் மணலில் இறங்கின, நானும் இறங்கினேன், அதற்குள் கடலோரக் காவல்காரர் இருவர் வந்து, "அம்மா, இங்க நடக்கலாம், நிக்கலாம், உக்காரத்தான் கூடாது" என்றார்கள், "சரி, நிக்கிறேன்" என்றேன், ஆனால் எழ முடியவில்லை. கடைசியில் புனித எராஸ்முஸ் சுரூபத்தைப் பவனியில் தூக்குவதுபோல நாற்காலியோடு என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். இறக்கி வைத்த இடம் இரண்டாம் வரிசை.

பக்கத்துக் குடையில் ஃபிலோமேனா என்றொரு பேக்கரிக்காரி, என்னைப் போலவே விதவை. கணவாய் மீனும் ஆலிவ் காயும் அடைத்த ரொட்டியை நீட்டினாள்.

"எர்சிலியாம்மா, முப்பது வருஷமா உங்க முதுகத்தான் பாத்தோம். இப்பத்தான் மூஞ்சி தெரியுது."

"முதுகுல என்ன தெரிஞ்சுது?"

"எல்லாம் காதுல விழும்ல. சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகாம தண்ணியில எறங்கக் கூடாதுன்னு அவர தினம் அதட்டுவீங்க. அவரும் தலைய ஆட்டுவாரு. நீங்க கண்ணசந்தா போதும், எங்க பக்கம் திரும்பி, 'ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துர்றேன், அவ முழிச்சா இருமுங்க'ம்பாரு."

"இருமினீங்களா?"

"வரிசையே இருமும். மனுஷன் மீன் மாதிரி வந்து சேருவாரு."

ஒத்தாவியோ, தலை ஏன் ஈரம் என்று கேட்டபோதெல்லாம் வியர்வை என்றார். இப்படி வியர்த்தால் இதயக் கோளாறுதான் என்று பயந்து நான் முப்பது வருடம் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அந்த இருமலுக்கும் கடற்காற்றைத்தான் குறை சொன்னேன்.

ஆகவே இந்த வாரமே தமியானோவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பு. என் இடம் எனக்குத் திரும்ப வேண்டும். இரண்டாம் வரிசையின் கூட்டுச் சதியைத் தனிப் பத்தியில் எழுது. மொழி மரியாதையாக இருக்கட்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நெற்றியில் என் பெயரால் சிலுவை போடு.

உன் அத்தை,
எர்சிலியா

பி.கு.: நோட்டீஸ் அனுப்பாதே. பிரெஷ்ஷாக்காரர்கள் இன்று காலை தாங்களாகவே வந்து இடத்தை விட்டுத்தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அங்கே கடல் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த கோடைக்கும் எனக்கு இரண்டாம் வரிசைதான் வேண்டுமென்று தமியானோவுக்கு இப்போதே எழுதிவிடு. ஃபிலோமேனா உன் மாமாவை வருட வரிசையில் சொல்லிக்கொண்டு வருகிறாள். நேற்றுதான் தொண்ணூற்றிரண்டாம் வருடக் கோடை முடிந்தது.