ஏழாங்கட்டைத் தோட்டத்தின் புளித்த ஆதாரம்

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் யாரும் எதையும் புளிக்க வைக்கக் கூடாது. தோசை மாவுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதையும் கூட்டம் போட்டு, விவாதித்து, கை தூக்கித்தான் கொடுத்தோம். கள்ளுக்கடையை மூடிய பிறகு சிலபேர் வீட்டிலேயே சம்சு என்ற நாட்டுச் சாராயம் காய்ச்ச ஆரம்பித்ததால் தோட்ட நிர்வாகம் ஒரு விதி போட்டது. வீட்டில் மது காய்ச்சினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த விதியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டதே எங்கள் மது ஒழிப்புச் செயலவை. நான் அதன் செயலாளர், சசிதரன். இதற்குச் சம்பளம் கிடையாது. மரியாதையும் அவ்வளவாகக் கிடையாது.

இப்படி ஒழுங்காக இருந்த தோட்டத்தில்தான் மாதவி கொம்புச்சா போட்டாள்.

மாதவி எங்கள் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். புருஷன் இல்லை. தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் கொட்டகை வேலை கிடைக்கும். வீடு போனால் வேலையும் போய்விடும். மகள் ராதா நீலாய் டவுனில் காலேஜ் படிக்கிறாள். அங்கே இப்போது படிப்பைவிடக் கொம்புச்சாதான் மும்முரமாம். குடித்தால் வயிறு சுத்தமாகும், முகம் மினுங்கும் என்று சொல்லி, வேகாத ஆப்பம் மாதிரி வழவழவென்று ஒன்றை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மாதவியும் கட்டியாகத் தேத்தண்ணி போட்டு, சீனி கலக்கி, ஆறவிட்டு, ஜாடியில் ஊற்றி, அந்த ஆப்பத்தை அதில் மிதக்கவிட்டு, வாயைத் துணியால் கட்டி, சாமி அலமாரிக்குக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் எறும்பு வராத இடம் அது ஒன்றுதான்.

எல்லாம் சரியாகத்தான் செய்தாள். புளித்ததைப் போத்தலில் ஊற்றியபோதுதான், முதல் தடவை பாருங்கள், மூடியை இறுக்கித் திருகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போத்தல் டமாரென்று வெடித்தது. பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எங்கள் செயலவைத் தலைவர், பழைய மண்டோர், அதாவது கங்காணி, ராமகிருஷ்ணன். சத்தத்துக்கு அவர் அசையவில்லை. கள்ளு மாதிரி புளித்த வாசம் வந்தது. எழுந்து என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"சசி, இது எனக்குத் தெரியாத வாசமாடா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

பத்து நிமிஷத்தில் செயலவை முழுவதும் மாதவி வீட்டுக் குசினியில், அடுப்புக்கு முன்னால், நின்றது.

"இது என்னா, மாதவி?"

"கொம்புச்சா அண்ணே. தேத்தண்ணியப் புளிக்க வெச்சது."

"புளிக்க வெச்சதுன்னு அதுவே ஒத்துக்கிச்சு. எழுதிக்க, சசி."

"ஐயோ, சாராயம் இல்லண்ணே. உடம்புக்கு நல்லதுலா."

"நாங்களும் உடம்புக்கு நல்லதுன்னு சொல்லித்தான் குடிச்சோம்."

"அண்ணே, இதுக்குப் போயி வீட்ட எடுத்துறாதீங்க. வேலையும் போயிட்டா நான் எங்க போறது?" என்றாள் மாதவி.

தலைவர் பெருந்தன்மையானவர். விசாரிக்காமல் யாரையும் வெளியேற்றமாட்டோம் என்று உறுதி கொடுத்தார். மேற்படி பானம் மதுவா இல்லையா என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. நாக்கு எல்லாரிடமும் இருந்தது.

முதல் கிளாஸைக் குடித்துவிட்டுத் தலைவர் கண்ணை மூடினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஏறுதாண்ணே?"

"அவசரப்பட்டா எப்படி? ஒரு பொம்பளையோட வீட்டு விஷயம்டா. இன்னொரு கிளாஸ் ஊத்து."

இப்படி நியாயத்தை முன்னிட்டு ஆளுக்கு மூன்று கிளாஸ் குடித்தோம். அடுத்து நடைச் சோதனை. குடித்தவர் சாக்கடை விளிம்பின் மேல் நேராக நடக்க வேண்டும். தலைவர் நாலாவது அடியில் உள்ளே விழுந்தார்.

"பாத்தியா! மப்பு!" என்று சாக்கடைக்குள்ளிருந்தே சந்தோஷமாகச் சொன்னார்.

"அண்ணே, உங்களுக்கு முட்டி சரியில்லையே. குடிக்காம வந்தாலும் விழுவீங்களே," என்றாள் மாதவி.

அதையும் சோதித்தோம். மறுநாள் காலை வெறும் வயிற்றில் நடக்கவிட்டோம். மூன்றாவது அடியிலேயே விழுந்தார். கொம்புச்சா குடித்தால் ஓரடி கூடுதலாக நடக்கலாம் என்றுதான் என்னால் பதிவு செய்ய முடிந்தது.

அதற்குள் ஜாடி காலி. ஆதாரம் இல்லாமல் எப்படி விசாரிப்பது? தலைவர் மாதவியைக் கூப்பிட்டார்.

"இன்னும் ரெண்டு ஜாடி போடும்மா."

"போட்டா வீடு போயிரும்னு சொன்னீங்களே?"

"நீயா போட்டாத்தான் போகும். இது நாங்க சொல்லிப் போடறது. உன் நல்லதுக்குத்தான்லா!"

மாதவி போட்டாள். பாவம், வேறு என்ன செய்வாள்? பகலெல்லாம் கொட்டகையில் பிள்ளைகள், சாயங்காலம் எங்களுக்கு ஆதாரம். ஒரே வீட்டில் இத்தனை ஆதாரம் இருப்பது ஆபத்து என்று செயலவை கருதியது. ஆகவே அந்த வழவழ ஆப்பத்தை அடுக்கடுக்காக உரித்து, உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ஜாடி பாதுகாப்பில் வைக்கப்பட்டது. எங்களுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு இல்லை என்றால் சும்மா இருப்பார்களா? எங்கள் வீட்டு வரிசையில் குடியிருந்தவர்கள் எல்லாரும் துணை உறுப்பினர் ஆனார்கள்.

பிறகு தோட்டத்தில் பிடித்தது பாருங்கள் ஒரு பைத்தியம்! கொம்புச்சா என்ற பேரையே யாரும் சொல்லவில்லை. "எங்க வீட்டு ஆதாரம் இஞ்சி போட்டது." "எங்களோடது அசாம்போய் உப்புப் பழம் போட்டது." வீட்டுக்கு வந்தவர்களுக்கு மைலோ கலக்குவதை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் ஆதாரம் குடிக்கிறீங்களா?" என்றார்கள். வீட்டில் ஆதாரம் இல்லாத ஒரு குடும்பத்துக்குப் பெண் கொடுக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. என் மனைவி ஜாடிக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். எங்கள் ஜாடி நல்ல பெரிசு.

விஷயம் சிரம்பானிலிருந்த தோட்டத் தலைமை ஆபீஸுக்கு எட்டியது. குடியிருப்பு ஒழுங்கு அதிகாரி திரு. விசுவலிங்கம் நேரில் வந்தார். தேய்த்த சட்டை, மெதுவான பேச்சு. குடித்துப் பார்த்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"இதை மேலிடத்தில்தான் ஆராய வேண்டும். மூல ஆதாரம் யாரிடம் இருக்கிறது?"

மாதவியின் பழைய ஜாடி, புது ஜாடி, போத்தல்கள், துணி உள்பட எல்லாம் அவர் காரில் ஏறின. அடுத்த வாரமே அவர் வீட்டிலிருந்து போன். சீனி எவ்வளவு போட வேண்டும் என்று அவர் மனைவி மாதவியைக் கேட்டார்களாம்.

ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் தீர்ப்பு. தோட்டமே கூடியிருந்தது. மாதவி முதல் வரிசையில், மகள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

விசுவலிங்கம் எழுந்தார். "சம்பந்தப்பட்ட பானம் முழுமையாக ஆராயப்பட்டது. அது மது அல்ல."

மாதவி அழுதேவிட்டாள். ராதா கைதட்டினாள். கூட்டமும் தட்டியது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, தலைவர் முகம் செத்துப் போயிருந்தது. இத்தனை நாளும் குடித்தது வெறும் தேத்தண்ணிதானா!

"மது அல்ல என்பதால்," என்று அதிகாரி தொடர்ந்தார், "அது ஓர் உற்பத்திப் பொருள் ஆகிறது. உற்பத்தி நடக்கும் இடம் தொழிற்கூடம். தொழிற்கூடத்தில் யாரும் குடியிருக்க முடியாது. ஆகவே மாதவி அம்மையார் வீட்டைக் காலி செய்ய வேண்டும்."

மாதவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், கள்ளுன்னாலும் வீடு போகும், கள்ளு இல்லன்னாலும் வீடு போகுமா?"

"அப்படிச் சொல்லக் கூடாதம்மா. இரண்டும் வேறு வேறு பிரிவு."

"அவங்கதானே சார் போடச் சொன்னாங்க?"

அதிகாரி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "வேறு யார் வீட்டிலாவது இந்த உற்பத்தி நடக்கிறதா?" என்றார்.

எல்லாரும் தரையைப் பார்த்தோம். சரியாக அந்த நேரத்தில் வெளியே டமாரென்று ஒரு சத்தம். தலைவர் வீட்டுப் போத்தல். அதைத் தொடர்ந்து அடுத்த வீட்டில் ஒன்று.

தலைவர் துள்ளி எழுந்தார். "சார்! அது உற்பத்தி இல்ல சார். ஆதாரம்!"

அதிகாரி யோசித்தார். அவருக்கும் சிரம்பானில் ஆபீஸ் கொடுத்த வீடு, அந்த வீட்டில் மூல ஆதாரம். அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"ஆதாரம் என்றால் வேறு விஷயம். ஆதாரத்தை விசாரணை முடியும்வரை உயிரோடு பாதுகாக்க வேண்டும். அதை அழித்தால் வீட்டைக் காலி செய்ய நேரிடும். உங்கள் விசாரணை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது."

"அப்ப எனக்கு சார்?" என்றாள் மாதவி.

"உங்கள் வீட்டில் ஆதாரம் இல்லையே அம்மா. எல்லாவற்றையும் நாங்கள் எடுத்துவிட்டோம். ஆகவே உங்கள் விசாரணை மட்டும் பூர்த்தியாகிவிட்டது."

ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒரு கையும் எழவில்லை. மாதவி திரும்பி எங்கள் எல்லாரையும் வரிசையாகப் பார்த்தாள். அவள் பார்வை என் பக்கம் வந்தபோது எனக்குக் கூசியது. ஆகவே கூரையிலிருந்த காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதவியின் சாமான் லாரியில் ஏறிய நாளில் தலைவர் போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதம்மா. சட்டம்னா அப்படித்தான். அது போகட்டும், எங்க ஆதாரம் ஒரு மாதிரி கருத்துப் போச்சு. என்னா செய்யறது?"

மாதவி சாமி அலமாரியை லாரிக்காரனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "வாரா வாரம் தேத்தண்ணி போட்டுச் சீனி கலக்கி ஊத்தணும்ணே. விட்டா செத்துப் போயிரும்."

"எத்தன வாரத்துக்கு?"

"விசாரணை முடியற வரைக்கும்லா," என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

இப்போது அவள் நீலாயில் ஒரு பிளாட்டில் மகளோடு இருக்கிறாள். அங்கே யார் எதைப் புளிக்க வைத்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லையாம். இங்கே ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்க்க யாரும் கிடைக்கவில்லை, அதற்கு ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறோம். கொம்புச்சா மோகம் போய், சிரம்பானில் இப்போது வேறு ஏதோ பச்சைத் தூளைக் குடிக்கிறார்களாம். தோட்டத்தில் யாரும் ஆதாரத்தைத் தொடுவதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டுக்கு வீடு தேத்தண்ணி கொதிக்கிறது. அந்தச் சனியன் வாரா வாரம் ஒரு சுற்றுப் பெருக்கிறது. ஒரு ஜாடியில் அடங்காமல் இரண்டாகி, இரண்டு நாலாகி, என் வீட்டில் குளியலறை வரை வந்துவிட்டது. தூக்கி எறியலாம் என்றால் வீடு போய்விடும். நாங்கள் எல்லாரும் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டுவிட்டோம். புளிச்ச நாற்றத்தில் உள்ளே இருக்கத்தான் முடியவில்லை, அதனால் தோட்டமே இப்போது வாசலில்தான் படுத்துக்கொள்கிறது.